ஓரெஷெக் கோட்டையின் வரலாற்றைக் குழப்பமில்லாமல் படிப்பது எப்படி?

லடோகா ஏரியை விட்டு நெவா ஆறு புறப்படும் இடத்தில், தண்ணீரின் நடுவே, சுமார் 300 மீட்டர் நீளமும் 200 மீட்டர் அகலமும் உள்ள ஒரு தீவு இருக்கிறது. தீவு முழுக்கக் கோட்டைதான். எதிரே இடக்கரையில் ஷ்லிசெல்பர்க் என்ற சிற்றூர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். நோவ்கொரோத், மாஸ்கோ, சுவீடன், ரஷ்யப் பேரரசு, சோவியத் ஒன்றியம் என்று இந்த இடம் கைமாறிக்கொண்டே இருந்தது. பிடித்தவர்கள் பெயரை மாற்றினார்கள், மதிலை இடித்துக் கட்டினார்கள், தேதியைத் தங்கள் கணக்கில் குறித்துவைத்தார்கள். அதனால் இதைப் பற்றிய இரண்டு நூல்களை அருகருகே வைத்துப் படித்தால், ஏதோ இரண்டு வெவ்வேறு ஊர்களின் கதை போலத் தோன்றும்.

இதற்கு ஒரே வழி, கதையைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் அட்டவணை போடுவது. ஏழு பத்திகள் (நெடுவரிசைகள்) போதும்: மூலத்தில் உள்ள தேதி அப்படியே, அது எந்த நாட்காட்டி, மாற்றிய தேதி, மூலம் அந்த இடத்துக்குச் சொல்லும் பெயர், அன்று கோட்டை யார் கையில், நிகழ்ச்சி நடந்தது தீவிலா, இடக்கரையிலா, வலக்கரையிலா, அதற்கு இன்று கண்ணால் பார்க்கக்கூடிய சான்று எது. ஆறாவது பத்தியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பெரிய பிழைகளில் பாதி அங்கிருந்துதான் வருகின்றன.

பெயர்களை முதலில் தீர்த்துவிடுங்கள்

ரஷ்ய நாளாகமங்களில் ஒரெகோவெத்ஸ், ஒரெகோவ், ஓரெஷெக் என்று வருவதெல்லாம் ஒரே கோட்டை. பின்னிஷ் மொழியில் பாஹ்கினாலின்னா. சுவீடியர்கள் நோட்டெபோர்க் என்றார்கள். 1702இல் ரஷ்ய ஜார் முதலாம் பீட்டர் கைப்பற்றியதும் ஷ்லிசெல்பர்க் ஆனது. 1944இல் சோவியத் அரசு ஊரின் பெயரைப் பெத்ரோக்ரெபஸ்த் என்று மாற்றியது. 1992இல் ஊருக்கு ஷ்லிசெல்பர்க் என்ற பெயரே திரும்பியது. கோட்டையை இன்று ஓரெஷெக் என்கிறார்கள்.

இவற்றை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம், ஆனால் ஆண்டைக் கண்டுபிடிக்கக் கூடாது. நோட்டெபோர்க் என்று எழுதியிருந்தால் எழுதியவர் சுவீடன் பக்கத்து ஆவணத்தைப் பார்த்திருக்கிறார் என்று கொள்ளலாம். சுவீடன் ஆட்சிக் காலத்து நிகழ்ச்சிதான் என்று முடிவு கட்டிவிட முடியாது. நோவ்கொரோத்தும் சுவீடனும் செய்துகொண்ட 1323 ஒப்பந்தத்தையே மேற்கத்திய நூல்கள் நோட்டெபோர்க் ஒப்பந்தம் என்றும் ரஷ்ய நூல்கள் ஓரெகோவ் ஒப்பந்தம் என்றும் சொல்கின்றன. இரண்டு ஒப்பந்தங்கள் என்று எண்ணி இரண்டு வரிசை போட்டுவிடாதீர்கள். தேடும்போதும் ஒரே பெயரை நம்பி உட்காராமல் எல்லாப் பெயர்களையும் போட்டுப் பாருங்கள். 1944 முதல் 1992 வரை அச்சான வரைபடங்களில் ஷ்லிசெல்பர்க் என்ற ஊரே கிடையாது.

தேதிகளை மாற்றும் முறை

ரஷ்ய நாளாகமங்கள் உலகம் படைக்கப்பட்டதிலிருந்து ஆண்டுகளை எண்ணுகின்றன. கோட்டை எழுந்த ஆண்டு அவற்றின் கணக்கில் 6831. இதிலிருந்து 5508ஐக் கழித்தால் 1323. இந்த ஒரு கழித்தலோடு நிறுத்திக்கொள்வதால்தான் தவறு நேர்கிறது. பழைய ரஷ்யாவில் ஆண்டு சில ஏடுகளில் மார்ச்சில் பிறந்தது, சிலவற்றில் செப்டம்பரில். மார்ச் ஆண்டு என்றால் மார்ச் முதல் டிசம்பர் வரை 5508ஐயும், ஜனவரி, பிப்ரவரிக்கு 5507ஐயும் கழிக்க வேண்டும். செப்டம்பர் ஆண்டு என்றால் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 5509, மற்ற மாதங்களுக்கு 5508.

ஒரு மாதிரிக் கணக்கு. 1348 ஆகஸ்டில் சுவீடன் அரசர் மாக்னுஸ் எரிக்சன் கோட்டையைப் பிடித்தார். 1349 பிப்ரவரியில் நோவ்கொரோத் படை அதை மீட்டது. அந்தச் சண்டையில் மரக்கோட்டை எரிந்துபோனது. மார்ச் ஆண்டுக் கணக்கில் இந்த இரண்டு மாதங்களும் 6856க்குள் அடங்கும். இரண்டிலிருந்தும் 5508ஐக் கழித்தால், மீட்பு 1348 பிப்ரவரியில், அதாவது பறிபோவதற்கு ஆறு மாதம் முன்பே நடந்ததாக விடை வரும். விடை தலைகீழாக வந்தால் நாளாகமத்தின் மேல் சந்தேகப்படாதீர்கள். எந்த மாதத்தில் ஆண்டு பிறந்தது என்று பாருங்கள்.

பீட்டரின் ஆணைப்படி 7208 டிசம்பர் 31க்கு மறுநாள் 1700 ஜனவரி 1 ஆனது. ஆண்டு எண் மாறியதே தவிர நாட்காட்டி ஜூலியனாகவே தொடர்ந்தது. எனவே 1700க்குப் பிந்தைய ரஷ்யத் தேதிகளையும் இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியனுக்கு மாற்ற வேண்டும்: 17ஆம் நூற்றாண்டுக்கு 10 நாள் கூட்டுங்கள், 18க்கு 11, 19க்கு 12, 20க்கு 13. 1918 ஜனவரி 31க்கு மறுநாள் பிப்ரவரி 14 என்று அறிவிக்கப்பட்டதோடு இந்தத் தொல்லை தீர்ந்தது. கிரிகோரியன் பிறந்த 1582க்கு முந்தைய தேதிகளுக்கு எதையும் கூட்டாதீர்கள். 1323 ஆகஸ்ட் 12 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்துக்கு எட்டு நாள் கூட்டி ஆகஸ்ட் 20 என்று எழுதினால், அன்று உலகில் யாருமே பயன்படுத்தாத ஒரு தேதியை எழுதியவராவீர்கள்.

1702இல் மட்டும் மூன்று நாட்காட்டிகள் மோதுகின்றன. பீட்டரின் படை கோட்டையைத் தாக்கியது ரஷ்யக் கணக்கில் அக்டோபர் 11. கிரிகோரியன் கணக்கில் அக்டோபர் 22. சுவீடனோ கிரிகோரியனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகரலாம் என்று எண்ணி 1700இல் பிப்ரவரி 29ஐ நீக்கியது. பிறகு அத்திட்டத்தைத் தொடரவில்லை. அதன் விளைவாக 1712 வரை சுவீடன் நாட்காட்டி ஜூலியனுக்கு ஒரு நாள் முன்னால் ஓடியது. பழைய நிலைக்குத் திரும்ப 1712இல் பிப்ரவரி 30 என்று ஒரு நாளையே உண்டாக்க வேண்டி வந்தது. ஆகவே அதே தாக்குதல் சுவீடன் தாளில் அக்டோபர் 12. அக்டோபர் 11, 12, 22 மூன்றும் சரியாக இருக்கலாம். நூலாசிரியர் எந்தக் கணக்கு என்று சொல்லாமல் விட்டிருந்தால் அதுதான் பிழை.

அளவைகளுக்கு இவ்வளவு பாடு இல்லை. 18ஆம் நூற்றாண்டிலிருந்து ஒரு சாஜென் 2.1336 மீட்டர், அதில் மூன்று அர்ஷின். 500 சாஜென் ஒரு வெர்ஸ்ட், அதாவது 1.0668 கிலோமீட்டர், ஒரு பூத் 16.38 கிலோ. அதற்கு முந்தைய ஆவணங்களில் சாஜென் ஒரே அளவில் இல்லை. 16ஆம் நூற்றாண்டு அளவுகளைக் கணினியில் போட்டு மூன்று தசமப் புள்ளி வரை எழுதுவது வீண் வேலை.

கல்லைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள்

கோட்டைக்குள் போனதும் கண்ணில் படுவது பெரும்பாலும் 16ஆம் நூற்றாண்டின் மதிலும் 19ஆம் நூற்றாண்டின் சிறையும் 20ஆம் நூற்றாண்டின் குண்டுச் சேதமும்தான். 1323ஐத் தேடி வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அலெக்சாந்தர் நெவ்ஸ்கியின் பேரன் யூரி தனீலவிச் கட்டியது மரக்கோட்டை. அது 1349இல் எரிந்தது. முதல் கல்மதில் 1352இல், நோவ்கொரோத் பேராயர் வசீலி கலிக்காவின் முயற்சியில் எழுந்தது. அதன் நீளம் 351 மீட்டர், உயரம் 5 முதல் 6 மீட்டர், தடிமன் சுமார் 3 மீட்டர், மூன்று கோபுரங்கள். அந்த மதில் தீவு முழுவதையும் வளைக்கவில்லை. இன்று அதைப் பார்க்கக் குனிய வேண்டும். தொல்லியலாளர் அனத்தோலி கிர்பீச்னிக்கவ் 1960களின் இறுதியில் தொடங்கிய அகழ்வில்தான் அதன் அடிப்பகுதி மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. கோட்டையின் உள்முற்றத்தில், இன்றைய தரைமட்டத்துக்குக் கீழே, உருண்டைப் பாறையும் சுண்ணாம்புக்கல்லும் கலந்து கட்டிய சுவர்த்துண்டு கிடக்கும். முதலில் அங்கே போங்கள். பெரும்பாலான பயணிகள் அதைக் குழி என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள்.

1478இல் நோவ்கொரோத் மாஸ்கோவுக்கு அடங்கியது. அடுத்த அரை நூற்றாண்டுக்குள் பழைய மதிலைத் தரைமட்டமாக்கிவிட்டு, பீரங்கிக் காலத்துக்கு ஏற்ற புதிய மதிலைக் கட்டினார்கள். தண்ணீரின் விளிம்பை ஒட்டித் தீவை முழுவதும் சுற்றி வரும் அதன் நீளம் 740 மீட்டர். உயரம் சுமார் 12 மீட்டர், அடியில் தடிமன் 4.5 மீட்டர். கோபுரங்கள் 14 முதல் 16 மீட்டர் வரை உயர்ந்தன. 351, 740 என்ற இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டால் அதுவே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும். மதில் தண்ணீரைத் தொட்டு நின்றால், இறங்கிக் கால் ஊன்றவும் ஏணி சாத்தவும் எதிரிக்கு மண் கிடைக்காது. 1702இல் இது எப்படி வேலை செய்தது என்று பின்னால் பார்ப்போம்.

கோபுரங்களை எண்ணும்போது கவனம் தேவை. வெளிமதிலில் ஏழு, உட்கோட்டையில் மூன்று, ஆகப் பத்து கட்டப்பட்டன. நிற்பவை ஆறு. நூல்களில் ஐந்து, ஆறு, ஏழு, பத்து என்று வெவ்வேறு எண்கள் வருவது, சிலர் வெளிமதிலை மட்டும் எண்ணுவதாலும் சிலர் இடிந்தவற்றையும் சேர்ப்பதாலும்தான். மற்றவை வட்டமாயிருக்க, வாயில் கோபுரமான கொசுதாரெவா மட்டும் சதுரம். அதன் வழியாக நுழையும்போது பாதையைக் கவனியுங்கள்: நேராக உள்ளே போகாது, நடுவில் வளையும். வெளியே நிற்கும் பீரங்கி வாயிலின் ஊடாக முற்றத்தைச் சுட முடியாது. இடிமரத்தோடு ஓடி வருகிறவர்கள் வேகத்தை இழந்து திரும்ப வேண்டியிருக்கும். மேலிருந்து இறக்கும் அடைப்புக் கதவுக்கான காடியையும் அங்கேயே பார்க்கலாம்.

வடகிழக்கு மூலையில் இருப்பது உட்கோட்டை. வெளிமதில் விழுந்தாலும் அங்கே ஒதுங்கிச் சண்டையைத் தொடரலாம் என்பது திட்டம். அதற்கும் முற்றத்துக்கும் நடுவே தண்ணீர் ஓடும் அகழி இருந்தது, மேலே தூக்குப்பாலம். அகழி பின்னாளில் தூர்க்கப்பட்டுவிட்டதால் இன்று நேரே நடந்து போகலாம். ஆனால் நடக்கும் இடம் அன்று தண்ணீர் என்பதை நினைவில் வைத்தால்தான் உட்கோட்டை ஏன் பின்னாளில் அவ்வளவு கச்சிதமான சிறையானது என்று புரியும். தீவுக்குள் ஒரு தீவு அது. அங்கே நிற்கும் கோபுரம் ஸ்வெத்லீச்னயா.

ஏமாற்றக்கூடிய சில: கோபுரங்களின் கூம்பு வடிவ மரக்கூரைகள் போருக்குப் பிந்தைய சீரமைப்பில் வைத்தவை. படம் எடுத்து "இடைக்காலக் கூரை" என்று குறிப்பு எழுதிவிடாதீர்கள். கோபுரங்களுக்கு முன்னால் தாழ்வாகப் புடைத்து நிற்கும் கொத்தளங்கள் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பீட்டர் காலத்தில் மண்ணால் எழுப்பி, பிறகு கல் போர்த்தினார்கள். மதிலின் மேல்விளிம்பு பெரும்பாலான இடங்களில் பழைய உயரத்தில் இல்லை. கல்லின் வயதை அறிய அடிவரிசைகளைப் பாருங்கள், மேல்வரிசைகளை அல்ல.

முற்றுகைகளில் எண்களைச் சரிபார்த்தல்

1555இலும் 1582இலும் சுவீடியர்கள் வந்து தோற்றுப் போனார்கள். 1612இல் நீண்ட முற்றுகைக்குப் பிறகு கோட்டை பணிந்தது. பணிய வைத்தது பட்டினியும் நோயும்; மதிலைப் பீரங்கி உடைக்கவில்லை. 1617 பிப்ரவரி 27இல் கையெழுத்தான ஸ்தோல்போவோ ஒப்பந்தம் அதைச் சட்டப்படி சுவீடனுக்குக் கொடுத்தது. சுவீடன் ஆட்சி 90 ஆண்டு என்று ஒருவரும் 85 ஆண்டு என்று ஒருவரும் எழுதுவது இதனால்தான்: முன்னவர் 1612இலிருந்து எண்ணுகிறார், பின்னவர் 1617இலிருந்து. அட்டவணையில் "கைவசம்" என்றும் "ஒப்பந்தப்படி" என்றும் பிரித்து எழுதினால் இரண்டும் பொருந்தும்.

1702 தாக்குதல் நன்றாகப் பதிவானது. ஆனாலும் அதை வெறும் வீரக்கதையாகப் படித்தால் முக்கியமான கேள்வி நழுவிவிடும்: தண்ணீரிலிருந்து எழும் மதிலுக்கு ஏணி எங்கே சாத்துவது? விடையைப் படிப்படியாகச் சேருங்கள். முதலில், கோட்டைக்கு ஏரி வழியாக உதவி வராமல் தடுக்க வேண்டும், எதிர்க்கரைக்கும் போக வேண்டும். அதற்குப் படகு வேண்டும். ரஷ்யர்கள் காட்டை வெட்டி வழி செய்து லடோகாவிலிருந்து நெவாவுக்குப் படகுகளைத் தரைவழியே இழுத்து வந்தார்கள். அடுத்து, ஆற்றின் இரு கரைகளிலும் பீரங்கிகளை வைத்து அக்டோபர் தொடக்கத்திலிருந்து சுட்டார்கள். மதிலில் பிளவுகள் விழுந்தன, ஆனால் தரைமட்டம் வரை விழவில்லை. அக்டோபர் 11 விடியுமுன் படகுகளில் போய் இறங்கியவர்களுக்கு மதிலடியில் நிற்க ஒரு கீற்று மணல்தான் கிடைத்தது. பிளவு உயரத்தில் இருந்ததால் ஏணிகள் எட்டவில்லை. 13 மணி நேரம் சண்டை நடந்தது. பின்வாங்க ஆணை வந்தபோது தாக்குதலை நடத்திய மிகயீல் கலீத்ஸின் படகுகளைக் கரையிலிருந்து தள்ளிவிடச் சொன்னார் என்பது மரபுச் செய்தி. சுவீடன் தளபதி ஷ்லிப்பென்பாக் கடைசியில் நிபந்தனைகளோடு சரணடைந்தார். காவற்படை வெளியேற விடப்பட்டது. கோட்டையின் சாவியைக் கொசுதாரெவா கோபுரத்தில் பொருத்தச் சொன்னார் பீட்டர்.

ரஷ்யர் பக்கம் இறந்தவர்கள் 500க்கு மேல்; உள்ளே இருந்த சுவீடன் காவற்படையோ மொத்தமே சில நூறு பேர். இந்த எண்களைப் பார்த்துச் சிலர் அச்சுப்பிழை என்று எண்ணித் திருத்திவிடுகிறார்கள். அச்சுப்பிழை அல்ல. 740 மீட்டர் மதில், எட்டாத ஏணி, நிற்க இடமில்லாத கரை ஆகியவற்றின் விலை அது.

ஒரு கைதியைச் சரியான சிறையில் வைப்பது எப்படி

அடுத்த ஆண்டே, 1703இல், ஆற்றின் மறுமுனையில் பீட்டர்ஸ்பர்க் நகரத்துக்கு அடிக்கல் விழுந்தது. எல்லை கடல்பக்கம் நகர்ந்ததும் ஓரெஷெக்குக்குப் போர்வேலை இல்லாமல் போனது, சிறையாயிற்று. இந்தக் கட்டத்தில் தவறுகள் மிக அதிகம். கைதியின் பெயர் கிடைத்தவுடன் ஆண்டைக் கேளுங்கள்.

ஆண்டு 1798க்கு முன் என்றால், சிறைக்கென்று தனிக் கட்டடம் கிடையாது. பீட்டரின் மாற்றுத்தாய்ச் சகோதரி மரியா அலெக்சேயெவ்னா (1718–1721), முதல் மனைவி எவ்தோக்கியா லபுகினா (1725–1727), 1740இல் வீழ்ந்த பிரோன், பதிப்பாளர் நவிக்கோவ் (1792–1796) எல்லோரும் கோட்டையின் வீடுகளிலோ காவலர் குடியிருப்பிலோ மதிலறைகளிலோ இருந்தவர்கள்.

1798 முதல் 1884 வரை என்றால், உட்கோட்டைக்குள் இருக்கும் ஒற்றை மாடி "ரகசிய இல்லம்", இன்று பழைய சிறை என்று காட்டப்படுவது. பத்துத் தனியறைகள். 1825 டிசம்பர் எழுச்சிக்காரர்களில் புஷின், க்யூகெல்பேக்கர் உள்ளிட்ட சிலர் சைபீரியாவுக்கோ வேறு சிறைக்கோ போகும் முன் இங்கே இருந்தார்கள். போலந்து தேசபக்தர் வலேரியான் வுகாஷின்ஸ்கி 1830இல் கொண்டுவரப்பட்டு 1868இல் இங்கேயே இறந்தார்: 38 ஆண்டுகள். புரட்சியாளர் பக்கூனின் 1854 முதல் 1857 வரை. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அவர் இருந்தது பீட்டர்ஸ்பர்க் நகரத்துக்குள் உள்ள பீட்டர்-பால் கோட்டையில். இரண்டு கோட்டைகளையும் ஒன்றாக்கிவிடுவது வழக்கமான பிழை.

1884 முதல் 1906 வரை என்றால், "மக்கள் விருப்பம்" அமைப்பின் புரட்சியாளர்களுக்கென்றே கட்டிய இரண்டு மாடிப் புதிய சிறை, 40 தனியறைகள். அங்கே அடைபட்டவர்கள் 68 பேர். வேரா ஃபிக்னெர் 20 ஆண்டுகள், நிக்கலாய் மொரோசவ் 21 ஆண்டுகள் இருந்தார்கள். லெனினின் அண்ணன் அலெக்சாந்தர் உல்யானவ் இங்கே நெடுநாள் கைதி அல்ல. பீட்டர்ஸ்பர்கில் விசாரணை முடிந்து கொண்டுவரப்பட்டு, 1887 மே 8 அன்று (கிரிகோரியனில் மே 20) நான்கு தோழர்களோடு தூக்கிலிடப்பட்டார். "உல்யானவ் பல ஆண்டு இருந்த அறை" என்று யாராவது எழுதியிருந்தால் நம்பாதீர்கள்.

1907 முதல் 1917 வரை என்றால் கடுங்காவல் சிறை. புதிய கட்டடங்கள் சேர்ந்து நூற்றுக்கணக்கானோர் அடைபட்ட காலம். போல்ஷெவிக் தலைவர் செர்கோ ஒர்ஜொனிக்கிட்சே 1912 முதல் 1915 வரை இருந்தது இதில். 1917 புரட்சியில் எதிர்க்கரை வெடிமருந்து ஆலைத் தொழிலாளர்கள் வந்து கைதிகளை விடுவித்தார்கள். அதையடுத்துச் சிறை எரிக்கப்பட்டது.

இந்த ஆண்டுவரம்பைக் கையில் வைத்திருந்தால் மிகப் பிரபலமான கதையையே சோதித்துவிடலாம். ஆறாம் இவான் 1740இல் கைக்குழந்தையாக இருக்கும்போதே பேரரசராக்கப்பட்டு, ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில் எலிசபெத்தால் இறக்கப்பட்டவர். 1756இல் இங்கே கொண்டுவரப்பட்டார். 1764 ஜூலை 5 இரவு துணை லெப்டினன்ட் வசீலி மிரோவிச் அவரை விடுவிக்க முயன்றபோது, முன்பே கொடுத்திருந்த ஆணைப்படி காவலர்கள் விலாசியெவும் செக்கினும் அவரைக் கொன்றார்கள். மிரோவிச்சுக்கு அதே ஆண்டு செப்டம்பர் 15இல் தலை துண்டிக்கப்பட்டது. பழைய சிறையின் அறை ஒன்றைக் காட்டி "இவான் கொல்லப்பட்ட இடம்" என்று சொன்னால், அந்தக் கட்டடம் எழுந்தது அவர் இறந்து 34 ஆண்டு கழித்து என்பதை எடுத்துச் சொல்லலாம். ஆவணங்களில் அவரை இவான் என்ற பெயரில் தேடவும் வேண்டாம். பெயரற்ற கைதி என்றுதான் எழுதினார்கள். அவர் பெயர் பொறித்த நாணயங்களைக்கூட எலிசபெத் அரசு திரும்பப் பெற்றது.

1941–1943: ஆறாவது பத்தி கைகொடுக்கும் இடம்

"ஷ்லிசெல்பர்க் 1941 செப்டம்பர் 8இல் ஜெர்மானியரிடம் வீழ்ந்தது." "ஷ்லிசெல்பர்க் கோட்டை ஒரு நாளும் வீழவில்லை." இரண்டும் உண்மை. வீழ்ந்தது இடக்கரையில் உள்ள ஊர். அதோடு லெனின்கிராதுக்கான (பீட்டர்ஸ்பர்க்கின் அன்றைய பெயர்) தரைவழி முழுவதும் அடைபட்டது. தீவிலோ சோவியத் உள்துறை ஆணையமான என்.கே.வி.டி.யின் முதலாம் பிரிவின் வீரர்களும் பால்டிக் கடற்படையின் 409ஆம் பீரங்கிப் பிரிவும் நின்றார்கள். வலக்கரை சோவியத் கையில் இருந்ததால் படகு அங்கிருந்துதான் வர வேண்டும், அதுவும் இரவில். ஊருக்கும் தீவுக்கும் இடையே சில நூறு மீட்டர் தண்ணீர்தான்.

முற்றுகையை உடைக்க 1943 ஜனவரி 12இல் சோவியத் படை தொடங்கிய இஸ்க்ரா நடவடிக்கை 18ஆம் தேதி ஊரை மீட்டது. கோட்டை தாக்குப்பிடித்தது 498 நாள் என்று படிப்பீர்கள், 500 நாள் என்றும் படிப்பீர்கள். செப்டம்பர் 8 முதல் ஜனவரி 18 வரை இரு நாட்களையும் சேர்த்து எண்ணினால் 498, முதல் நாளை விட்டால் 497; 500 என்பது முழு எண்ணாக்கிச் சொல்வது. ஊர் மீண்ட கையோடு ஷ்லிசெல்பர்க்கிலிருந்து பலியானி வரை 33 கிலோமீட்டர் ரயில்பாதையை 17 நாளில் போட்டார்கள், நெவா மேல் மரத்தூண் பாலத்தோடு. பிப்ரவரி 7 அன்று முதல் ரயில் லெனின்கிராதுக்குள் போனது. பாதை ஜெர்மன் பீரங்கி எட்டும் தூரத்திலேயே ஓடியது.

முற்றத்தின் நடுவே கூரையில்லாமல் நிற்கும் தூய யோவான் பேராலயம் இந்தப் போரில் சிதைந்தது. அதைத் திரும்பக் கட்டாமல் சிதைவாகவே நிறுத்தி, 1985இல் நினைவிடமாக்கினார்கள். நல்ல முடிவு என்றே சொல்ல வேண்டும். மதிலில் புதிய வெட்டுக்காயம் போன்ற குழிகளைப் பார்த்தால் அவை எந்தப் பக்கம் அதிகம் என்று சுற்றி வந்து பாருங்கள். ஊர் இருக்கும் திசை தெரிந்துவிடும்.

ஊரையும் விட்டுவிடாதீர்கள்

கோட்டையைப் பார்த்துவிட்டுப் படகிலிருந்து இறங்கியதும் பேருந்து ஏறிவிடுகிறார்கள். ஊரின் வரலாறு வேறு. அது கால்வாயின் வரலாறு. லடோகாவின் புயலில் சரக்குப் படகுகள் மூழ்கியதால், ஏரியின் தென்கரையை ஒட்டி 1719இல் பீட்டர் கால்வாய் தோண்டத் தொடங்கினார், பொறியாளர் மியூனிக் 1731இல் முடித்தார், 117 கிலோமீட்டர். அது தூர்ந்துபோனதால் 1861–1866இல் பக்கத்திலேயே புதிய கால்வாய் வெட்டப்பட்டது. இரண்டும் ஷ்லிசெல்பர்க்கில்தான் நெவாவைச் சேர்கின்றன. பழைய கால்வாயின் கரையிலேயே நடந்தால் ஊரின் நடுப்பகுதியையும் 18ஆம் நூற்றாண்டின் அறிவிப்புப் பேராலயத்தையும் பார்த்துவிடலாம்.

போகும் வழியும் நேரமும்

இரண்டு வழிகள். ஒன்று, பீட்டர்ஸ்பர்கின் உலித்சா திபென்கோ மெட்ரோ நிலையத்திலிருந்து ஷ்லிசெல்பர்க் பேருந்து. ஊரின் படகுத்துறையிலிருந்து தீவுக்குப் படகு. மற்றொன்று, பின்லாந்து ரயில்நிலையத்திலிருந்து பெத்ரோக்ரெபஸ்த் நிலையத்துக்கு மின்ரயில். இங்கே எச்சரிக்கை: அந்த நிலையம் பழைய பெயரோடு இருந்தாலும் ஷ்லிசெல்பர்க் ஊரில் இல்லை. அது எதிரே வலக்கரையில், வெடிமருந்து ஆலையைச் சுற்றி வளர்ந்த மொரோசவ் குடியிருப்பில் இருக்கிறது. அதன் பெயருக்குரியவர் 21 ஆண்டு சிறையிருந்த அதே மொரோசவ். அந்தக் கரையிலிருந்தும் தீவுக்குப் படகு உண்டு. ஆனால் ரயிலில் இறங்கி ஊருக்கு நடந்து போகலாம் என்று கிளம்பினால் நடுவே நெவா நிற்கும்.

படகுகள் ஓடுவது சுமார் மே முதல் அக்டோபர் வரைதான். குளிர்காலத்தில் ஆறு உறைந்தாலும் பனிக்கட்டி மேல் நடந்து போக முயலாதீர்கள். ஏரியிலிருந்து வரும் நீரோட்டம் வேகமானது, பனிக்கட்டி சீராக இராது. கோட்டையை நடத்துவது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரலாற்று அருங்காட்சியகம். படகை நடத்துவது வேறொருவர். எனவே நுழைவுச்சீட்டும் படகுச்சீட்டும் ஒன்றுதானா என்று துறையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், கடைசிப் படகின் நேரத்தையும் இறங்கியவுடன் குறித்துக்கொள்ளுங்கள். முழுதாகப் பார்க்க மூன்று மணி நேரம் வேண்டும். கோடையிலும் ஏரிக்காற்று குளிரும். காற்றுத்தடுப்புச் சட்டை அவசியம்.

சுற்றும் வரிசை இப்படி இருக்கட்டும்: கொசுதாரெவா வாயில், 1352 மதிலின் குழி, மதிலை வெளிப்புறமாக ஒரு சுற்று, பிறகு உட்கோட்டையும் பழைய சிறையும், அடுத்து புதிய சிறை, அதன் பின் எரிந்துபோன கடுங்காவல் கட்டடம், கடைசியில் பேராலயம். வழிகாட்டிகள் பெரும்பாலும் சிறையில் தொடங்குவார்கள், கூட்டம் அங்கேதான் சேரும். நீங்கள் மதிலில் தொடங்கினால் சிறைக்குப் போகும்போது கூட்டமும் கலைந்திருக்கும்.